வெள்ளிக்கிழமை கட்டாத தவணை

என் கணவருக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, என் கைப்பையில் இருந்தது ஒரு கிரெடிட் கார்டு மட்டும்தான். அவர் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பழைய வேன். கிளட்சை மிதிக்கும் கால்தான் போயிருந்தது. அரசாங்க மருத்துவமனையில் முறை வர மாதக் கணக்காகும் என்றார்கள். அதுவரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வேன் ஓட்டுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் தனியார் மருத்துவமனைக்கே அழைத்துப் போய், சேமிப்பு போக மிச்சத்துக்குக் கார்டைத் தேய்த்தேன். ஆறாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கடனானது. முருகன் பார்த்துக்கொள்வான் என்று கையெழுத்துப் போட்டேன். கட்ட வேண்டியவள் நான்தான் என்பதும் தெரிந்தே போட்டேன்.

நான் கையுறை செய்யும் தொழிற்சாலையில் லைன் லீடர். பள்ளியில் மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு நின்றது. மலாய் நன்றாகப் பேசுவேன். ஆங்கிலத்தில் வரும் கடிதத்தை மட்டும் மகளிடம் கொடுத்து அர்த்தம் கேட்பேன். அவள் சுபாங் ஜெயாவில் ஒரு பல் மருத்துவ கிளினிக்கில் வேலை செய்கிறாள். அந்தக் கார்டுக் கடனுக்கு மாதாமாதம் வட்டி ஏறுவதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான். நான் கட்டுவதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வேறொரு பேங்கிலிருந்து போன் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், மறுநாள் பூஜைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று முதலில் ஆங்கிலத்திலும் பிறகு மலாயிலும் ஒரு பையன் சொன்னான். என் குரலைக் கேட்டுவிட்டு, "தமிழா அக்கா?" என்றான். அதற்குப் பிறகு முக்கால்வாசிப் பேச்சு தமிழில்தான்.

அவன் சொன்ன விஷயம் இதுதான். பழைய கார்டுப் பேங்கில் எனக்கு இருக்கும் ஆறாயிரம் கடனை இவர்கள் மொத்தமாகக் கட்டிவிடுவார்கள். நான் இவர்களுக்கு மாதம் ஐநூறு வீதம் பன்னிரண்டு மாதம் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டி சுத்தமாகக் கிடையாது. வட்டி இல்லையென்றால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்டேன். புது வாடிக்கையாளர் கிடைப்பதே லாபம் என்றான். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு தவணை தாமதமானாலும் சலுகை போய்விடும், மிச்சக் கடன் முழுவதற்கும் வழக்கமான வட்டி வந்துவிடும். அதை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னான். திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னான். தவணைத் தேதி ஏழு.

ஏழாம் தேதிதான் எங்கள் தொழிற்சாலையில் சம்பளம் போடுவார்கள். அதற்கு முன்னால் என் கணக்கில் ஐநூறு ரிங்கிட் நிற்கவே நிற்காது. அதனால் என் மனதில் இருந்ததை அப்போதே கேட்டேன். ஏழாம் தேதி செவ்வாயிலோ வெள்ளியிலோ விழுந்தால் நான் மறுநாள்தான் கட்டுவேன், அது தாமதம் ஆகுமா என்று.

எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளியில் பணத்தை வெளியே கொடுப்பதில்லை. கடன் கொடுப்பதும் இல்லை, கடனைத் திருப்பிக் கட்டுவதும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் இதை மாற்றியது கிடையாது. விளக்கேற்றி மகாலட்சுமியை வா என்று கூப்பிடும் நாளில், இன்னொரு வாசல் வழியாக அவளை அனுப்பிவைக்க எனக்கு மனம் வராது. சிலருக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அந்தப் பையன் சிரிக்கவில்லை.

"எங்க அம்மாவும் இப்படித்தான் அக்கா," என்றான். "வெள்ளிக்கிழமை நான் பெட்ரோலுக்குக் கேட்டாக்கூட குடுக்க மாட்டாங்க. நீங்க பயப்படாதீங்க லா. மறுநாள் கட்டுங்க. சிஸ்டம்ல மூணு நாள் டைம் இருக்கு."

சரி என்றேன். அவனுடைய அம்மாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். சர்க்கரை வியாதியாம். வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னேன்.

முதல் இரண்டு மாதமும் ஏழாம் தேதி வேறு கிழமையில் விழுந்தது. மூன்றாவது மாதம் வெள்ளியில் விழுந்தது. சம்பளம் அன்று மத்தியானம் கணக்கில் ஏறியது. நான் தொடவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, பசியாறுவதற்கு முன்னாலேயே கடைவீதிக்குப் போய் மெஷினில் கட்டிவிட்டு வந்தேன். ரசீதைச் சாமி மேடையில் வைத்தேன். ஒன்பது மாதம்தான் மிச்சம் என்று கணவரிடம் சொன்னேன்.

அடுத்து வந்த கணக்கை மகள் போனில் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். சலுகை ரத்து. மிச்சமிருந்த நாலாயிரத்து ஐநூறுக்கும் பதினெட்டு சதவீத வட்டி. அதோடு பத்து ரிங்கிட் தாமதக் கட்டணம்.

"அம்மா, ஒரு நாள். ஒரே ஒரு நாள் லேட்டாக் கட்டியிருக்க."

"சனிக்கிழமை கட்டினேன்."

"அதத்தான் சொல்றேன். வெள்ளிக்கிழமை பூ வாங்குறல்ல? பால் வாங்குறல்ல? அது பணம் இல்லையா?"

"பூ வீட்டுக்குள்ள வருது. பால் வீட்டுக்குள்ள வருது. கடன் கட்டினா என்னடி உள்ள வருது?"

"இன்டரஸ்ட் வந்திருக்கு பாரு," என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. இந்த வீட்டுச் செலவில் அவள் சம்பளமும் இருக்கிறது. ஆனால் அவளையும் போனையும் விட்டுவிட்டு, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவரைத்தான் நான் பார்த்தேன். அவர் எழுந்து சாப்பிடப் போனார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "ஸ்கூல் லீவு முடிஞ்சதும் வேனை நானே எடுத்துக்குறேன்."

அதுதான் எனக்கு இடியாக விழுந்தது. அவருக்குப் பதிலாக ஒரு தம்பி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். வசூலில் பாதி அவனுக்கு, பாதி எங்களுக்கு. இன்னும் இரண்டு மாதமாவது கிளட்சை மிதிக்கக் கூடாது, மிதித்தால் செய்த ஆபரேஷன் வீண் என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். இவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடன் தன் காலுக்காக வாங்கியது என்ற நினைப்பு இவரை அரித்துக்கொண்டே இருந்தது. வட்டி இல்லாதவரை பேசாமல் இருந்தார். வட்டி வந்ததும் எழுந்துவிட்டார். வேண்டாம் என்று நான் எவ்வளவு சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. அந்த வட்டியை எடுக்க வைத்தால்தான் அவரை உட்கார வைக்க முடியும். பள்ளி திறக்க ஒரு மாதம் இருந்தது. அதற்குள் எடுக்க வைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

மறுநாளே பேங்குக்குப் போன் செய்தேன். பாட்டு போட்டார்கள், ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றார்கள், மறுபடி பாட்டு போட்டார்கள். கடைசியில் ஒரு பெண் மலாயில் பேசினாள். ஒரு நாள் தாமதம் என்று கணினி காட்டுகிறது என்றாள். நான் மறுக்கவில்லை. மறுநாள் கட்டலாம், மூன்று நாள் அவகாசம் உண்டு என்று உங்கள் ஆள் சொன்னார் என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். எழுத்தில் இல்லை. ஆனால் அழைப்பைப் பதிவு செய்கிறோம் என்று முதலில் சொன்னது நீங்கள்தானே, அதை எடுத்துக் கேளுங்கள் என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு புகாராகப் பதிந்துகொண்டாள்.

எனக்கு அதோடு நிம்மதியாகிவிட்டது. கேட்டால் தெரிந்துவிடப் போகிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பதிவை முழுமையாகப் பரிசீலித்தோம், அதில் அப்படி எந்த உறுதிமொழியும் தரப்படவில்லை, வட்டி செல்லும் என்று எழுதியிருந்தார்கள்.

மகள் வாசித்துச் சொன்னதும், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். நான் கனவா கண்டேன்? அவனுடைய அம்மா, சர்க்கரை வியாதி, வெந்தயம் எல்லாம் நடந்ததுதானே?

"விடு," என்றார் கணவர். "பெரிய பேங்கு. நீ என்னத்த பேசி ஜெயிக்கப்போற?"

"ஜெயிக்க வேணாம். நான் பொய் சொல்லலன்னு அவங்களுக்குத் தெரியணும்."

அன்று இரவு சாமி முன்னால் உட்கார்ந்தும் இதையேதான் சொன்னேன். முருகா, வட்டியை எடுத்துக்கொடு என்று வேண்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. நடந்த உண்மை எங்கேயாவது ஒரு மனுஷன் காதில் விழ வேண்டும், அதற்கு மட்டும் வழி காட்டு என்று வேண்டினேன். மறுநாள் தொழிற்சாலையில் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தேன். அந்தப் பேங்கின் கார்டு பிரிவு அங்கே ஒரு கட்டடத்தில் மேல் மாடியில் இருந்தது. போகும் வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் போனேன். பூக்கடைக்காரம்மா காலையிலேயே எங்கே என்று கேட்டாள். சண்டைக்குப் போறேன் என்றேன். அப்படியானால் இதை வைத்துக்கொண்டு போ என்று ஒரு முழம் மல்லிகையை என் தலையில் தானே செருகிவிட்டாள். காசு வாங்கவில்லை.

என்னைக் கூப்பிட்ட அதிகாரி இளவயது மலாய்க்காரர். நல்லவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மலாயில்தான் பேசினோம். பதில் ஏற்கெனவே கொடுத்தாயிற்றே புவான் என்றார் மரியாதையாக. நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அந்தப் பதிவை யார் கேட்டது?

அவர் கணினியைப் பார்த்தார். தர ஆய்வுப் பிரிவு என்றார். அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் மெல்ல வாசித்தார். சலுகையும் நிபந்தனையும் விளக்கப்பட்டன. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார். பிறகு இருவரும் தங்கள் மொழியில் குடும்ப விஷயம் பேசினார்கள். அவ்வளவுதான்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. கேட்டவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பேச்சில் பாதி ஆங்கிலச் சொல்லும் மலாய்ச் சொல்லும் கலந்துதான் கிடக்கும். சலுகை, வட்டி, தேதி எல்லாம் அவருக்குப் பிடிபட்டிருக்கும். அம்மா கதை வந்ததும் ஏதோ வீட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டார்.

"அந்தக் குடும்ப விஷயம்தான் என் விஷயம்," என்றேன். "வெள்ளிக்கிழமை விழுந்தால் மறுநாள் கட்டலாமா என்று நான் கேட்டதும், அவர் சொன்ன பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் பதிவைக் கேட்க அனுமதியில்லை என்றார், வருத்தத்தோடுதான்.

"நான் கேட்க வேண்டாம். பேசினதே நான்தானே. தமிழ் தெரிந்த உங்கள் ஆள் ஒருவர் கேட்டால் போதும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, மேலிடத்தில் கேட்டிருக்கிறேன், நேரமாகும், வீட்டுக்குப் போங்கள், போனில் சொல்கிறோம் என்றார். போனில் சொன்னது போதும் என்று எனக்குத் தோன்றியது. தொழிற்சாலையில் இன்னொரு லீவு தர மாட்டார்கள், இங்கேயே இருக்கிறேன் என்றேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டேன்.

காத்திருந்தேன். எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு சீனக் கிழவர் கார்டைத் தொலைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு பெண் யாரோ தன் கார்டில் விமான டிக்கெட் வாங்கிவிட்டார்கள் என்று அழுதாள். அவளுக்கு என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். மத்தியானம் பாதி விளக்குகளை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். காவல்காரர் வந்து கீழே சாப்பாட்டுக் கடை இருக்கிறது என்று சைகை காட்டினார். நான் எழவில்லை. எழுந்து போன நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டால்? கைப்பையில் இருந்த இரண்டு இட்லியைப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்காமல் தின்றேன். மனதுக்குள் சஷ்டிக் கவசத்தை ஆரம்பித்து, நடுவில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். கழுத்தில் பேங்க் அட்டை தொங்க ஒரு தமிழ்ப் பெண் வெளியே வந்து, நேராக என்னிடம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வீட்டுக் கடன் பிரிவில் வேலையாம். இதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள்.

"ஆன்டி, நான் கேட்டுட்டேன்," என்றாள் தணிந்த குரலில். "நீங்க கேட்டதும் இருக்கு, அவரு சொன்னதும் இருக்கு. மறுநாள் கட்டுங்க, மூணு நாள் டைம் இருக்குன்னு தெளிவாச் சொல்லியிருக்காரு. வரி வரியா மலாயில எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறு மணி நேரம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

"வெந்தயமும் கேட்டேன்," என்று சிரித்தாள். "எங்க அம்மாவுக்கும் சொல்லணும்."

"என்கிட்ட போன்ல பேசின அந்தத் தம்பிக்கு இதனால வேலை போயிடுமா மா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவரு இங்க இல்ல ஆன்டி. வெளி கம்பெனி மூலமா வந்தவரு, எப்பவோ போயிட்டாரு." பிறகு, "ஆனா ஒண்ணு. முடிவு என் கையில இல்ல. மேல பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க," என்றாள்.

தெரியும் என்றேன். இந்தப் பேங்க் மறுத்தால், பேங்குகள் மேல் புகார் விசாரிக்கும் அலுவலகத்துக்குப் போவேன், அப்போது நீ எழுதியதன் நகலைக் கேட்பேன் என்றும் சொன்னேன். மிரட்டலாகச் சொல்லவில்லை. அடுத்து எங்கே போக வேண்டும் என்று மகள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்காக என்னோடு சண்டை போட்டவள்தான்.

போன் வர ஒரு வாரத்துக்கு மேலானது. வீட்டில் நானும் அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் வேன் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை காலை கழுவுவதற்கு வேனைக் கொண்டுவந்து விடு என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டார். திங்கள்கிழமை பள்ளி திறக்கிறது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். அதே மலாய் அதிகாரி. வட்டியைத் திருப்பிக் கணக்கில் போட்டுவிட்டோம், சலுகை பழையபடி தொடரும் என்றார். பஸ் சத்தத்தில் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். தவணைத் தேதியையும் பதினைந்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறோம், சம்பளம் வந்த பிறகு உங்களுக்குப் பிடித்த கிழமையில் கட்டலாம் என்றார். அந்தத் தாமதக் கட்டணம் பத்து ரிங்கிட்டுக்கு வேண்டுமானால் தனியாக மனுப் போடலாம் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். தேதி தாண்டிக் கட்டியது நிஜம். அந்தப் பத்து ரிங்கிட் என் வழக்கத்துக்கு நான் கொடுக்கும் விலை. அதைக் கொடுக்க எனக்கு மனக்குறை இல்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம்கூட நான் சொல்லவில்லை. முதலில் சொல்ல வேண்டிய ஆள் வீட்டில் இருந்தார்.

நான் போனபோது அவர் கூடத்தில் நின்றுகொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி இடது காலைத் தூக்கித் தூக்கி மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளட்ச் பழக்கம். ஒவ்வொரு மிதிக்கும் தாடை இறுகியது. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"வட்டியை எடுத்துட்டாங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை. மகள் போனில் கணக்கைத் திறந்து காட்டினாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தச் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"சரி, எடுத்துட்டாங்க. ஆனா நான் அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டேனே."

"திருப்பிச் சொல்லுங்க."

"வார்த்தை குடுத்தாச்சு."

"எனக்கும் அந்தப் பேங்க் வார்த்தை குடுத்துச்சு. நாள் பூராவும் உக்காந்து திருப்பி வாங்கிட்டு வந்தேன். உங்க காலுக்காகத்தான் வாங்கினேன். இப்ப நீங்க போய் கிளட்ச மிதிச்சீங்கன்னா நான் எதுக்கு அங்க உக்காந்தேன்?"

என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொள்ள முக்காலியை மகள் நகர்த்திக் கொடுத்தாள். நான் விளக்கேற்றப் போனேன். திரியை எண்ணெயில் நனைக்கும்போது அவர் போனில் பேசுவது கேட்டது.

"தம்பி, நாளைக்கு வேன் கொண்டு வர வேணாம்பா. இன்னும் ரெண்டு மாசம் நீயே ஓட்டு." கொஞ்சம் நிறுத்தினார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருப்பான். "இல்லல்ல, கால் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல ஆர்டர்."